அந்த அணி தோற்க வேண்டும்

மருந்தறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பெண் என்னிடம் மட்டும் சொன்ன விஷயத்தை, பல வருடங்கள் கழித்து, இளைஞர்கள் நிறைந்த ஒரு மண்டபத்தில் நான் வெளியே சொன்னேன். அப்போது தொலைக்காட்சியில் உதைபந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நான் குடித்திருக்கவில்லை. வாய் தவறியும் வரவில்லை. அந்தப் பெண்ணின் வாயை அடைக்க வேண்டும் என்று தெரிந்தே சொன்னேன். அடைத்துப்போனது.

ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவனாக என் காலம் கழிந்தது. பெரிய பட்டம் பெற்ற வைத்தியன் அல்ல. கண்டியில் நல்ல பள்ளிக்கூடத்தில் படித்து, பயிற்சி முடித்து வந்தவன். ஆனாலும் வரிசை வீடுகளான எங்கள் லயத்துச் சனங்களுக்கு நான் ‘டொக்டரையா’ தான். ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எனக்கும் அது வேண்டியிருந்தது.

அந்தப் பெண்ணைப் பற்றி எழுதுவதால் அவரை எனக்குப் பிடித்திருந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். பிடிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்காது. அந்த நாட்களில் நான் அவரை ‘நீ’ என்றுதான் சொல்லிவந்தேன். இப்போது எழுதும்போது ‘அவர்’ என்கிறேன். அவர் இதைப் படித்தால் அதற்கும் ஏதாவது திட்டுவார்.

குழாயடிக்கு அவர் குடத்தோடு வந்தால் வரிசை தானாக விலகும். மலையில் கொழுந்து நிறுக்கும்போது, ஈரத்துக்கென்று எல்லாருடைய எடையிலும் கொஞ்சம் கழிக்கிற மேற்பார்வையாளரான கண்டாக்கு, அவருடைய கூடை வந்ததும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை தராசைப் பார்ப்பார்.

“கழிங்க சார், கழிங்க. மேல மழைய நிப்பாட்டிட்டுக் கழிங்க” என்று அவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட அவரைப் பற்றி ஊரில் பேசப்பட்டது தேநீர் விஷயம். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பும் வீடு எங்கள் மலையில் கிடையாது. சண்டைக்கு வந்தவனுக்கும் கொடுத்துவிட்டுத்தான் சண்டையைத் தொடர்வார்கள். அவர் மட்டும் எவருக்கும் கொடுக்கமாட்டார். மரண வீட்டில் விடிய விடிய அரிசி கழுவுவார், பாத்திரம் தேய்ப்பார். தேத்தண்ணித் தட்டைத் தூக்கச் சொன்னால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்.

அவருடைய மகளைப் பெண் பார்க்க நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஆட்கள் வந்தபோது ஊர் வழமைப்படி பெண்தான் தட்டோடு வர வேண்டும். அவர் மகளைப் பலகையில் உட்காரவைத்துவிட்டு, கூடத்து மேசையைக் காட்டினார்.

“எம்மக யாருக்கும் தட்டுத் தூக்க மாட்டா. சுடுதண்ணி அங்க இருக்கு, சீனி அங்க இருக்கு. மாப்பிள்ளைக்குக் கை இருக்கில்ல?”

மாப்பிள்ளையின் தகப்பன் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். மாப்பிள்ளை அமைதியாகப் போய்த் தனக்கு ஒன்று ஊற்றி, தகப்பனுக்கும் ஒன்று ஊற்றிக் கொடுத்தான். அந்த இடத்திலேயே அவர் சம்மதம் சொன்னாராம். “இவனுக்குக் குடுக்கலாம்” என்று, ஏதோ ஆட்டுக்குட்டியைக் கொடுப்பதுபோல.

இந்த மனுஷி தொலைக்காட்சியில் உதைபந்தாட்டம் பார்க்க வந்தது எங்களுக்கெல்லாம் ஆச்சரியம்.

ஆசியாவின் கழகங்களுக்குள் நடக்கும் சம்பியன் கிண்ணப் போட்டி அது. ஒவ்வொரு நாட்டிலும் முன்னுக்கு வந்த கழகங்கள் மாதக்கணக்கில் மோதும். அதுவரை எங்கள் தோட்டத்து வாசிகசாலை மண்டபத்துத் தொலைக்காட்சியில் கிரிக்கெட் தவிர வேறு ஆட்டம் ஓடியதில்லை. வளைகுடா நாடொன்றின் பெரிய கழகத்துக்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் விளையாட வந்ததும் எங்கள் பையன்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஹட்டன் நடைபாதைக் கடையில் அந்தக் கழகத்தின் ஜேர்ஸியை வாங்கி, கோயில் திருவிழாவுக்கும் அதையே போட்டுக்கொண்டு வந்தார்கள். அந்த வருடப் போட்டியின் முதல் ஆட்டத்தன்று ஒருவன் கைத்தொலைபேசியைத் தொலைக்காட்சியோடு இணைத்துக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு பிளாஸ்க்கோடு உள்ளே வந்து முன்வாங்கில் உட்கார்ந்தார்.

“அத்தை, இது நாடகம் இல்ல. ஃபுட்போல்” என்றான் தினேஸ். தோட்டத்து உதைபந்துக் குழுவுக்கு அவன்தான் தலைவன்.

“தெரியும்டா. அந்த நாசமாப் போன கிளப்பு தோக்கிறதப் பாக்கத்தான் வந்தேன். தள்ளி உக்காரு.”

அன்றிலிருந்து அந்த அணியின் ஒரு ஆட்டத்தையும் அவர் விடவில்லை. எதிரணி ஒரு கோல் போட்டால் பிளாஸ்க் மூடியைத் திறப்பார். மூடியிலேயே கொஞ்சம் தேநீர் ஊற்றி, பையன்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, சத்தம் வர உறிஞ்சிக் குடிப்பார். அந்த அணி கோல் போட்டால் பிளாஸ்க் மூடியபடி இருக்கும், வாய் திறக்கும்.

“இவனுக்குக் கோல் கம்பத்த லயத்து நீளத்துக்கு வச்சாலும் வெளியதான்டா அடிப்பான். இன்னைக்கு ஏதோ பட்டிருச்சு.”

பையன்களுக்குக் கிடைத்த ஒளிபரப்பு அரபு வர்ணனையோடு வந்தது. வீட்டு வேலைக்கென்று வளைகுடா போய்ப் பல வருடம் இருந்தவர் என்பதால் அவருக்கு மட்டும் அது புரியும். பையன்கள் வேறு வழியில்லாமல் அவரிடமே கேட்பார்கள்.

“என்னாங்கத்தை சொல்றான்?”

“உங்க ஆளுக்கு முழங்கால்ல தண்ணி கோத்திருக்காம். ஓடுறது அவனில்லையாம், அவன் நெழலாம்.”

“சும்மா சொல்றீங்க!”

“அப்ப நீ போயி அரபி படிச்சிட்டு வாடா.”

பையன்கள் கத்துவார்கள். அவர் அதைவிட உரக்கக் கத்துவார். ஒருநாள் காய்ச்சலில் அவர் வரவில்லை. அன்று அந்த அணி ஜெயித்தும் மண்டபம் சப்பென்று கிடந்தது. ஆட்டம் முடிந்ததும் பையன்கள் கூட்டமாக அவருடைய லயத்துக்குப் போய், ஜன்னலுக்கு வெளியே நின்று அந்த அணியின் பெயரைக் கத்தினார்களாம். உள்ளேயிருந்து ஒரு செருப்பு பறந்து வந்தது. மறுநாள் தினேஸ் அந்தச் செருப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, “மத்ததையும் குடுக்கவா?” என்று கேட்டிருக்கிறார்.

அவர்களுக்கு இது பகிடி. ஒருவேளை அரபிக்காரர்களோடு பழைய கோபம் ஏதோ என்று நினைத்திருப்பார்கள். காரணம் தெரிந்தவன் நான் ஒருவன் மட்டுமே.

அவர் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தாதிப் பெண்ணை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தானே கதவைச் சாத்தினார். தோளிலிருந்து முதுகுவரை வெந்த புண். புதியது பாதி ஆறி, அதன் கீழே பழைய தழும்புகள் அடுக்கடுக்காக இருந்தன. ஒரே நாளில் பட்டதல்ல என்று பார்த்ததும் தெரிந்தது. மருந்து போடும்போது அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு சொன்னார்.

“அந்த வீட்டு ஐயாவுக்கு ஒரு கிளப்பு. மெச்சு நடக்கிறப்ப நான் தேத்தண்ணித் தட்டோட பக்கத்துல நிக்கணும். ஜெயிச்சா குடிப்பாரு. தோத்தா ஊத்துவாரு. எனக்கு ஃபுட்போல் ஒரு மண்ணும் தெரியாதுங்க. ஆனா அந்தக் கிளப்பு ஜெயிக்கணும்னு நான் கும்பிட்ட மாதிரி அந்த நாட்டுல எவனும் கும்பிட்டிருக்க மாட்டான்.”

நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

“பாவம்னு சொல்லாதீங்க. இது வெளிய போச்சு, உங்களத் தேடி வருவேன்.”

வேறெவராக இருந்தாலும் செத்துப்போவேன் என்று சொல்லியிருப்பார்கள். அவர் தேடி வருவேன் என்றார். மகளுக்கும் ஊருக்கும் அடுப்பிலிருந்த தாச்சி எண்ணெய் கொட்டியது என்று சொல்லிவைத்திருந்தார்.

அன்று அவர் பெயர் சொன்ன கழகம்தான் இது. ஆகவே அந்த அணி தோற்க வேண்டும் என்று அவர் ஏன் வந்து உட்கார்ந்தார் என்பது எனக்கு விளங்கியிருந்தது. பயத்தோடு நின்று பார்த்த ஆட்டத்தைக் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பார்த்தார். தோற்றதும் தன் தேநீரைத் தானே குடித்தார். அதற்கு அவருக்கு எதிராளிகள் வேண்டும். ஜேர்ஸி போட்டுக்கொண்டு நெஞ்சைத் தட்டுகிற, தோற்றால் முகம் கறுக்கிற ஆட்கள் வேண்டும். எங்கள் பையன்கள் அதைத் தெரியாமலே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவும் விளங்கிய படித்த மனிதன் நான்தான் அதைக் கெடுத்தேன்.

அரையிறுதி ஆட்டம். மண்டபத்தில் கைபிடி வைத்த ஒரே நாற்காலி எனக்கு உரியது. அதில் இருந்துகொண்டு, அந்த அணிக்குக் கிடைத்த ஒரு தண்டனை உதை சரியானதுதான் என்று விதியைச் சொல்லி விளக்கினேன். அவர் திரும்பினார்.

“டொக்டரையா, உங்களுக்கு என்னாத்துக்கு இது? தலவலின்னு வந்தாலும் வெள்ள மாத்திர, வயித்துவலின்னு வந்தாலும் அதே வெள்ள மாத்திர. ரெண்டு வெசயம் வேற வேறன்னு என்னைக்காவது கண்டுபுடிச்சிருக்கீங்களா?”

மண்டபம் அதிரச் சிரித்தார்கள். “வெள்ள மாத்திர!” என்று பின்னாலிருந்து ஒருவன் கூவினான். ஆஸ்பத்திரிக்கு மருந்து எப்போதும் குறைவாகத்தான் வரும். இருந்ததைத்தான் நான் கொடுத்தேன். அந்தப் பெயர் முதுகுக்குப் பின்னால் வெகுகாலமாக உலவியதும் எனக்குத் தெரியும். முகத்துக்கு நேரே அன்றுதான் கேட்டேன்.

“நான் போட்ட மருந்துலதான் உன் முதுகு ஆறுச்சு” என்றேன். “அந்த வீட்டுக்காரன் இந்த கிளப்பு தோத்த ஒவ்வொரு நாளும் உன் மேல கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி ஊத்தினான்ல? அதச் சொல்லேன் இவங்ககிட்ட. எண்ணெய்னு எதுக்குப் பொய் சொல்ற?”

சிரிப்பு பாதியில் நின்றது. வர்ணனையாளனின் அரபு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பையன்களைப் பார்த்தார், ஒவ்வொருவராக. அவர்கள் கண்ணைத் தாழ்த்தினார்கள். பிறகு திரைப்பக்கம் திரும்பி, ஆட்டம் முடியும்வரை அசையாமல் இருந்தார். அந்த அணி ஜெயித்தது. ஒருவனும் கைதட்டவில்லை.

மறுநாளிலிருந்து எல்லாரும் அவருக்கு நல்லவர்களானார்கள். குழாயடியில், “நீங்க முதல்ல புடிங்கக்கா” என்றார்கள். பக்கத்து வீட்டம்மா ரொட்டி சுட்டுக் கொண்டுபோனார். கண்டாக்கு அவருடைய கூடையில் ஒரு பிடியும் கழிக்கவில்லை. அவர் மழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எந்த அடியும் அடக்காத அந்த வாய், ஊரின் இரக்கத்துக்கு முன்னால் பேச்சற்றுப் போனதைப் பார்த்தேன்.

இறுதி ஆட்டம் ஜப்பானில் நடந்தது. அங்கே இரவு, எங்களுக்குப் பின்னேரம். அவர் பிளாஸ்க்கோடு வந்தார். பையன்கள் ஜேர்ஸி போடாமல் வந்திருந்தார்கள். வழக்கமாக அவர் பிடுங்கிக்கொள்ளும் முன்வாங்கை முழுதாக விட்டு வைத்திருந்தார்கள். நான் பின்னால், கதவோரம் நின்றேன்.

அந்த அணிதான் முதல் கோலைப் போட்டது. மண்டபத்தில் ஒரு மூச்சுச் சத்தமும் இல்லை. அவர் மெதுவாகத் திரும்பினார்.

“ஏன்டா கத்தல?”

பின்னாலிருந்த ஒருவன் எழுந்து தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான்.

“உங்க ஆளுதான்டா போட்டிருக்கான். கத்துங்கடா. டேய் தினேஸ், ஒன் சட்ட எங்க?”

“அது... வேணாம்ங்கத்தை” என்றான் அவன். “அந்த டீம் எங்களுக்கும் வேணாம். ஜப்பான்காரன் ஜெயிக்கட்டும்.”

அவன் நல்ல பையன். நல்ல மனதோடுதான் சொன்னான். அவர் அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு எழுந்து, என்னைக் கடந்து வெளியே போனார். இடைவேளைக்குப் பிறகு ஜப்பான் அணி இரண்டு கோல் போட்டது. அவர் வருடக்கணக்காகக் காத்திருந்த தோல்வி, ஆசியாவே பார்த்த தோல்வி, அவர் இல்லாமல் நடந்து முடிந்தது. அவருக்குக் கேட்கட்டும் என்று பையன்கள் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள். லயத்தில் அவருடைய ஜன்னல் சாத்தியே இருந்தது.

அந்த மாதமே நோட்டன் பிரிட்ஜில் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். போகிற அன்று, வளைவுப் பாதையில் பெட்டியோடு எதிரே வந்தார். நான் ஒதுங்கி நின்றேன்.

“தேடி வருவேன்னு சொன்னேன்ல?” என்றார். “வரல. அதுக்குக்கூட நீங்க லாயக்கில்ல.”

அடுத்த வருடப் போட்டி தொடங்கும்வரை அந்த வார்த்தையோடு இருந்தேன். மன்னிப்புக் கேட்பதென்றால் அதுவும் அவருக்குப் பக்கத்து வீட்டம்மாவின் ரொட்டி போல இன்னொரு இரக்கம்தான். நான் பறித்தது அவருடைய எதிராளிகளை; திருப்பிக் கொடுப்பதென்றால் ஒரு எதிராளியைத்தான் கொடுக்க வேண்டும் என்று யோசித்தேன். ஹட்டன் நடைபாதையில் அந்த அணியின் ஜேர்ஸி ஒன்று வாங்கினேன். கடைக்காரன், “பேரனுக்கா ஐயா?” என்று கேட்டான். எனக்குத்தான் என்றதும் பெரிய அளவாகத் தேடி எடுத்தான். அந்த அணிக்கு முதல் சுற்று ஆட்டம் ஒன்று இருந்த நாளில் அதைப் போட்டு, மேலே கம்பளிச் சட்டை அணிந்து, நோட்டன் பிரிட்ஜ் பேருந்தில் ஏறினேன். அவருடைய வாசலில் கம்பளியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினேன். அந்த அணியின் பெயரைக்கூட ஒருமுறை உரக்கச் சொன்னேன்.

கதவைத் திறந்தது அவர்தான்.

அவருடைய கை தன்னால் தன் தோளுக்குப் போனது. இரண்டடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையன்கள் போட்டால் அது பையன்களின் சட்டை. வயிறு தள்ளிய ஒரு கிழவன் அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றால், அது யார்? படித்தவன் என்று பெயர் வாங்கிய எனக்கு, பேருந்தில் வந்த அவ்வளவு தூரமும் இது தோன்றவில்லை.

“நான்தாங்க... ஆஸ்பத்திரி...” என்றேன். வாழ்நாளில் முதன்முறையாக அவரிடம் மரியாதைப் பன்மையில் பேசினேன்.

அவருடைய மூச்சு சீராகச் சற்று நேரம் பிடித்தது. மகள் அடுக்களையிலிருந்து ஓடிவந்து, “ஐயோ, டொக்டரையா! உக்காருங்க!” என்று நாற்காலியை இழுத்தாள்.

“நாற்காலி வேணாம்” என்றார் அவர். என்னிடம், “கீழ உக்காரு” என்றார்.

மகள் திகைத்துப்போனாள். நான் சிமெந்துத் தரையில் உட்கார்ந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சியைப் போட்டார். பக்கத்தில் பிளாஸ்க். முதல் பாதியில் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டுவார் என்று வந்தவனுக்கு அந்த மௌனம்தான் கிடைத்தது. இடைவேளையில் ஒரு கோப்பை நிறையத் தேநீர் ஊற்றி, குடிக்காமல், தன் காலடியில் வைத்தார். மழைக்காலத்து நோட்டன் பிரிட்ஜ் குளிரில் அதிலிருந்து ஆவி நேராக மேலே போனது. எனக்கும் அதற்கும் இடையில் ஒரு முழம் தூரம். ஆட்டத்தை நான் பார்க்கவில்லை.

அந்த அணி தோற்றது.

மகள், “அம்மா, ஐயாவுக்குத் தேத்தண்ணி...” என்று மெல்லச் சொன்னாள். அவர் குனிந்து கோப்பையை எடுத்தார். சுட்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தார். காத்திருந்தார். மறுபடியும் விட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து என் முன்னால் நின்று, கோப்பையைச் சாய்த்து, முழுவதையும் என் நெஞ்சில், அந்தக் கழகத்துச் சின்னத்தின் மேல் ஊற்றினார்.

“அம்மா!” என்று மகள் அலறினாள்.

தேநீர் ஆறியிருந்தது. ஜேர்ஸியை நனைத்து, மடியில் இறங்கி, தரையில் ஓடியது.

“போ” என்றார்.

அவர் என்னை மன்னித்தார் என்று இதற்குப் பொருள் சொல்ல எனக்கு உரிமையில்லை. விரலை விட்டுப் பார்த்தார் என்பதை மட்டும் எழுதுகிறேன். இரண்டு தடவை பார்த்தார்.

அந்த அணியின் அடுத்த ஆட்டத்துக்கும் போனேன். இந்தத் தடவை ஜேர்ஸி இல்லாமல், என் சாதாரணச் சட்டையோடு. கதவு திறக்கவில்லை. மகள் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, கண்ணால் கெஞ்சி, தலையை ஆட்டினாள். தூறல் பிடித்திருந்தது. உள்ளே அரபு வர்ணனை ஓடியது. திடீரென்று, வாசிகசாலையில் கேட்ட அதே உச்சத்தில், அவர் குரல் எழுந்தது. அந்த அணியின் கோல்காப்பாளனையும் அவனைப் பெற்றவளையும் பயிற்றுவிப்பாளனையும் ஒன்றாகச் சேர்த்துத் திட்டினார். பிறகு சத்தம் வர உறிஞ்சிக் குடிக்கும் ஓசை.

மகள் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னாள். அதற்கு அவர் சொன்ன பதில் தெருவுக்கே கேட்டது.

“யாரு, அந்த வெள்ள மாத்திரயா? இன்னும் நிக்கிதா? நிக்கட்டும். நல்லா நனையட்டும்.”

ஆட்டம் முடியும்வரை நின்றேன்.